டோக்கன் நாணயம் சமுதாயத்தை மாற்றுமா?

(ராகலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அரசாங்கம் வேண்டாம், வங்கி வேண்டாம், இடைத்தரகன் வேண்டாம். கணினி வலையில் பிறக்கும் கிரிப்டோ நாணயம் ஒன்றே ஏழையை உயர்த்திவிடும் என்றொரு பேச்சு இன்று மலையகத்து இளைஞரிடையே உலவுகின்றது. அதனை எள்ளி நகையாட நாம் இங்கு வரவில்லை. 2009ஆம் ஆண்டு சனவரியில் பிட்கொயின் பிறந்தபோது அதன் பின்னே நியாயமானதொரு சினம் நின்றது. 2008இல் சரிந்த மேல்நாட்டு வங்கிகள் மக்கள் வரிப்பணத்தால் தூக்கி நிறுத்தப்பட்டன. எவரும் விரும்பியவாறு அச்சிட முடியாத பணம், 2 கோடியே 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தாண்டாத பணம், எல்லோரும் பார்க்கக்கூடியதும் எவராலும் அழிக்க முடியாததுமான கணக்கேடு. இவை செவிசாய்க்கத் தகாத சொற்களா? 2022இல் ஒரு டாலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயாக ஏறியதைக் கண்ட நமக்கு அந்தச் சினம் விளங்காமலா போகும்?

ஆனால், அரசு வெளியிடாத துண்டு மலையகத்துக்குப் புதியதா? நம் பாட்டன்மாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். 1901 முதல் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குத் தகரத்தால் ஆன டிக்கட் கொடுத்தனர். எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பதை அதில் பொறித்த எழுத்தும் எண்ணும் சொல்லின. அதற்கும் முன்பே "துண்டு" என்ற தாள் இருந்தது. இந்த ஆளின் கடன் இவ்வளவு, கொடுத்தால் விடுவிப்போம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுத்த தாள் அது. அரசின் முத்திரை அதற்குத் தேவைப்படவில்லை. தோட்டம் தோட்டமாக அது செல்லுபடியாயிற்று. தாள் கைமாறியபோது மனிதனும் அவன் கடனும் சேர்ந்தே கைமாறினர். அரசின் தலையீடு இல்லாத நாணயம் வேண்டும் என்போர் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்கட்டும். அந்தத் துண்டை ஒழித்தது எது? 1921இல் இயற்றப்பட்ட சட்டம்! அந்தச் சட்டமும் தானாக வந்துவிடவில்லை. கடலுக்கு அக்கரையிலும் இக்கரையிலும் எழுந்த கண்டனக் குரல்கள் அதனை வரவழைத்தன.

இடைத்தரகன் ஒழிந்தான் என்கிறார்களே, ஒழிந்தானா? ஆள் சேர்த்தால் பங்கு, அந்த ஆள் இன்னோர் ஆளைச் சேர்த்தால் அதிலும் பங்கு என்று நாணயத்தின் பெயரால் திட்டம் நடத்துவோரைக் காண்கிறோம். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்கிய பெரிய கங்காணிக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு? அவராவது உடன் நடந்து வந்தார்! இத்தகைய பிரமிட் திட்டங்கள் நம் நாட்டு வங்கிச் சட்டப்படி குற்றமாகும். பிட்கொயின் போன்றவை சட்டபூர்வ நாணயமல்ல என்று மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்திருக்கின்றது.

மோசடியை விடுவோம். நேர்மையாக வாங்கினால் என்ன ஆகும்? ரூபாய்க்கு அஞ்சி ஒருவர் 2022 தொடக்கத்தில் ஒரு பிட்கொயின் வாங்கினார் என்று கொள்வோம். அன்று அதன் விலை சுமார் 47,000 டாலர். நம் பணத்தில் 94 லட்சம். அவ்வாண்டு முடிவில் விலை ஏறத்தாழ 16,500 டாலர். டாலர் 360 ரூபாயான பிறகும் 60 லட்சத்தை எட்டவில்லை. விழுந்த ரூபாயைவிட ஆழமாக விழுந்தது அது. பின்னர் ஏறிற்று, மறுக்கவில்லை. 2024 டிசம்பரில் 1 லட்சம் டாலரையும் கடந்தது. ஆனால் அந்த இரண்டாண்டு விற்காமல் காத்திருக்க யாரால் முடியும்? 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் பெறுவதற்கே வருடக்கணக்கில் போராடிய குடும்பத்தாலா? கிழங்கு விதைக்கும் உரத்துக்கும் கடன் வாங்கிய விவசாயியாலா? ஏறும்வரை காத்திருப்பது செல்வம் உள்ளவனுக்கே வாய்த்த பேறு.

எல் சல்வடோர் என்ற சிறு நாடு 2021 செப்டம்பரில் பிட்கொயினைச் சட்டபூர்வ நாணயமாக்கிற்று. மக்களோ பெரும்பாலும் டாலரிலேயே கொடுக்கல் வாங்கல் நடத்தினர். சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்ட அந்நாடு, வணிகர் அதை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை 2025 சனவரியில் நீக்கிவிட்டது.

இனி அந்த அழியாத கணக்கேட்டுக்கு வருவோம். படித்த நண்பர்கள் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். நமக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் நம் தாய்மாரின் வழக்கு ஏட்டில் தொடங்குவதில்லை, தராசடியில் தொடங்குகின்றது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோ கழிக்கிறார்கள். கழித்த பிறகே எடை ஏட்டில் ஏறுகின்றது. அரைப்பேர் போடுவதா முழுப்பேர் போடுவதா என்பதை முடிவு செய்பவரும் அவள் அல்லள். தவறான எடையை அழிக்க முடியாத ஏட்டில் எழுதினால், தவறுதான் அழியாமல் நிற்கும்! உலகத்துக் கணினிகளெல்லாம் ஒன்றுகூடி அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்லும்.

1984 வரை அதே மலையில் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி. செக்ரோலில் அது ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டே இருந்தது. ஏட்டில் பிழையில்லை, நீதியில்தான் பிழை. அதைத் திருத்தியது அவ்வாண்டு நடந்த வேலைநிறுத்தம்.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். கணினி கற்றவர்கள் நாணயம் வாங்க ஆள் தேட வேண்டாம். கழிப்பதற்கு முன் தராசு காட்டிய எடை எவ்வளவு, கழித்தது எவ்வளவு, இம்மாதம் சேமலாப நிதிக்குப் போனது எவ்வளவு என்ற மூன்று எண்களும் ஒவ்வொரு தாயின் கைத்தொலைபேசிக்கும் அன்றன்றே வரவேண்டும் என்று தோட்ட நிருவாகங்களிடம் கேளுங்கள். அதற்கு டோக்கன் எதுவும் தேவையில்லை. தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் இதை ஒரு கோரிக்கையாக முன்வைக்கட்டும். வடிவத்தை எழுதிக் கொடுக்க இங்குள்ள ஆசிரியர்கள் முன்வரட்டும்.