முதல் நாலு சுற்று
(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பண்பாடு பற்றியும் மொழி பற்றியும் பேசுவது வழமை. நான் காட்ஸ் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். 304 என்றால் நீங்கள் கதிரையை முன்னுக்கு இழுப்பீர்கள் என்று தெரியும். ஆனால் இது பிள்ளைகளின் காட்ஸ். மஜிக் என்று சொல்லுவார்கள். றிச்சர்ட் கார்பீல்ட் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியர் உருவாக்கி 1993இல் வெளிவந்தது. 2001 ஆகஸ்டில் இதன் உலகச் சம்பியன் போட்டியே எங்கட ரொறன்ரோவில்தான் நடந்தது. நெதர்லாந்துக்காரர் ஒருவர் வென்றார்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மகன் படிக்காமல் படக் கடதாசிக்குக் காசு கொடுக்கிறான். 2002இல் ஒருநாள் பள்ளிக்கூட றிப்போட்டைப் பார்த்த கோபத்தில், அவனுடைய காட்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், மாடியில் குப்பை போடுகிற குழாயுக்குள் தள்ளிவிட்டேன். பதினேழாம் மாடியில் இருந்து அது விழுந்த சத்தம் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. அவன் அழவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கிறதும் குறைந்துவிட்டது.

அடுத்த வருசம், 2003 ஆகஸ்ட் 14. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பின்னேரம் நாலு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. ஒன்ராறியோவிலும் அமெரிக்காவிலும் சேர்த்து ஐந்து கோடிப் பேர் இருட்டில். நான் கோப்பை கழுவுகிற வேலை. றெஸ்ரோறன்ரைப் பூட்டி எங்களை அனுப்பிவிட்டார்கள். சப்வே இல்லை. நடந்து சென் ஜேம்ஸ் ரவுணுக்கு வந்து, எலிவேற்றர் இல்லாமல் பதினேழு மாடியும் ஏறினேன். வீட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் மகன் தனியே இருக்கிறான். முன்னால் காட்ஸ். என்னைக் கண்டதும் கையால் மூடினான்.

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. "மூடாதை தம்பி, எனக்கும் சொல்லித் தா" என்றேன்.

அவன் என்னை நம்பாமல் பார்த்தான். பிறகு இரண்டு கட்டு எடுத்து வைத்தான். ஒவ்வொருவருக்கும் 20 உயிர். எதிராளியின் உயிரைச் சைபருக்குக் கொண்டுவந்தவன் வென்றான். என் கையில் பெரிய பெரிய பூதங்கள் எல்லாம் இருந்தன. அவனிடம் சின்னச் சின்னச் சிவப்புக் காட்ஸ். ஐந்தாம் சுற்றுக்குள் நான் முடிந்தேன். இன்னொருக்கா என்றேன். திரும்பவும் முடிந்தேன்.

"எப்பிடியடா?" என்று கேட்டதற்கு, ஒரு கொப்பியைத் திறந்து காட்டினான். அதிலே கணக்கு. கணக்கில் மார்க்ஸ் குறைந்த பிள்ளை போட்ட கணக்கு!

கேளுங்கோ. கட்டில் 60 காட்ஸ். முதலில் கையில் ஏழு, பிறகு சுற்றுக்கு ஒன்று. சுற்றுக்கு ஒரு நிலம்தான் வைக்கலாம், அந்த நிலம்தான் செலவுக்குக் காசு. முதல் சுற்றில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு. பெரிய பூதத்துக்கு ஆறு நிலம் வேண்டும். அது வர ஆறு சுற்று. முதல் சுற்றில் இறங்கிய சின்னவன், இரண்டு இரண்டாக அடித்தால், நாலாம் சுற்று முடிய ஆறு அடித்திருப்பான். இரண்டாம் சுற்றில் வந்தவன் நாலு. மூன்றாம் சுற்றில் வந்தவன் இரண்டு. ஆக, தடுக்க ஆளில்லாவிட்டால் பன்னிரண்டு. 'மின்னல்' என்று ஒரு காட், ஒரு நிலத்துச் செலவில் மூன்று அடிக்கும். அதில் மூன்று போட்டால் ஒன்பது. மொத்தம் 21. எதிராளியிடம் இருப்பதோ 20. இதற்கு நாலு நிலம், மூன்று ஆள், மூன்று மின்னல், ஆகப் பத்துக் காட்ஸ். முதலில் ஆடுகிறவன் நாலாம் சுற்றில் கண்டிருப்பதும் சரியாகப் பத்துத்தான். அதனால்தான் அவன் நிலத்தை இருபதளவில் நிறுத்தி, மிச்சமெல்லாம் மலிவான காட்ஸாகப் போட்டிருந்தான்.

இந்த முறை அவன் கண்டுபிடித்ததல்ல. 1996இல் அமெரிக்காவில் போல் சிலை என்றவர் இப்படி ஒரு சிவப்புக் கட்டோடு ஆடினார். அதை வகுத்தவர் ஜே ஷ்னைடர். செலவைச் சுற்றுக்குச் சுற்று வீணாக்காமல் பார்ப்பதுதான் அதன் உயிர்.

இது கண்மூடித்தனமான அடி அல்ல. எதிராளி ஓர் ஆளைக் கொண்டுவந்து என் வழியை மறித்தால், மின்னலை அவன்மேல் போடுவதா, எதிராளிமேல் போடுவதா? மகன் சொன்னான்: "அப்பா, இன்னும் எத்தனை சுற்று மிச்சம் எண்டு பாருங்கோ. மூண்டு சுற்று எண்டால் அவன் ஆறு அடியைத் தடுப்பான், அவனை முடியுங்கோ. ஒரு சுற்று எண்டால் இரண்டைத்தான் தடுப்பான், விட்டிட்டு நேரே அடியுங்கோ." கை வெறுமையான பிறகு சிவப்புக்காரன் காத்திருந்தால் தோல்விதான். 1999இல் மைக் புளோரஸ் என்றவர் எழுதியதும் இதைத்தான்: இந்த ஆட்டத்தில் அடிக்கிறவன் நானா, தாக்குப்பிடிக்கிறவன் நானா என்று பிழையாக விளங்கினவன் தோற்பான்.

எங்கட 304இலும் இது உண்டல்லவா? எங்கட மேசைக் கணக்கில் 160 கேட்டு வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. மூன்று தரம் கேட்டு இரண்டு தரம் வென்றாலும் கணக்குச் சரிசமம்தான். ஜேக்கும் ஒன்பதும் கையில் இருந்தும் வாய் திறக்காதவன் கோழை. ஒன்றும் இல்லாமல் கேட்கிறவன் மூடன். கணக்குத் தெரிந்து கேட்கிறவன்தான் துணிந்தவன்.

அன்று இரவு கடைசியாக ஒன்று கேட்டேன். "ஏன் தம்பி இந்தச் சின்னக் காட்ஸ்? பெரிசு விருப்பமில்லையோ?"

கொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பெரிசு வாங்கக் காசில்லை அப்பா. இது மற்றப் பெடியள் வேண்டாமெண்டு விட்டது."

நான் குழாயில் தள்ளியதற்குப் பிறகு, ஒருவரும் மதிக்காத மலிவுக் காட்ஸைச் சேர்த்து, அதிலேயே வெல்லுகிற வழியை அவன் தேடியிருக்கிறான். கையில் ஒரு பையோடு இந்த நாட்டில் இறங்கிய நாங்கள் செய்ததும் வேறொன்றல்லவே. என் வீட்டிலேயே என் பிள்ளை அதைச் செய்தபோது எனக்குக் கண் தெரியவில்லை.

அந்தப் பெட்டிக்காக அவனிடம் நான் இதுவரை வாய்திறந்து மன்னிப்புக் கேட்டதில்லை. இன்றைக்கு அவன் தன் மகளோடு இந்த மண்டபத்தில் இருக்கிறான். தம்பி, அது என்ர பிழை. சபையறியச் சொல்லுறன்.

நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். சாப்பாட்டுக்குப் பிறகு வழமைபோல 304 மேசைகள் போடுவீர்கள். அவற்றின் பக்கத்தில் பிள்ளைகளின் காட்ஸுக்கும் ஒரு மேசை போடுங்கோ. தகப்பன்மார் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் அதில் இருந்து தோற்றுப் பாருங்கோ. முதல் ஆளாக நான் இருக்கிறேன். பேத்தி ஏற்கெனவே கட்டைக் கலைத்துக்கொண்டு நிற்கிறாள்.