பெல்ட் நழுவினால்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கம்பனையும் இளங்கோவையும் பேசத் தகுதியுடைய அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளி இறுதி வகுப்போடு ஏட்டை மூடிவிட்டு இரயில்வேயில் எழுத்தராகப் புகுந்த நமக்கு அத்தகுதி இல்லை. ஆதலின், நாம் கோப்பிலும் தாய்மார்கள் அடுக்களையிலும் காணும் ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேச விழைகின்றோம். ஒரு கப்பியின் சுழற்சியை மற்றொரு கப்பிக்குக் கொண்டு செல்லும் ரப்பர் பெல்ட்டே அது.

தமிழ்ச் சங்கத்தில் இப்பேச்சு ஏன் என்று செயலாளர் முகம் சுளித்தார். நம்மவரில் பலரை இவ்வூருக்குக் கொணர்ந்தது இரயிலே. 1966 அக்டோபர் 2 அன்று செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே தோன்றியபோது, தென்னக இரயில்வேயிலிருந்து மாற்றலாகி மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கிய தந்தையரின் மக்கள் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வந்த பெட்டியில் விளக்கெரிந்ததும் பெல்ட்டின் தயவாலேதான்.

பழைய வகைப் பெட்டிகளில் மின்சாரம் பிறப்பது பெட்டியின் அடியிலேயாகும். சக்கரங்களை இணைக்கும் அச்சில் ஒரு பெரிய கப்பி உண்டு. அருகே மின் உற்பத்திப் பொறியில் ஒரு சிறிய கப்பி உண்டு. வண்டி ஓட அச்சு சுழல, பெல்ட் இழுக்க, மின்சாரம் பிறந்து பாட்டரியில் சேர்கின்றது. வண்டி நிற்கும்போது எரியும் விளக்கும் சுழலும் விசிறியும் அந்தச் சேமிப்பைத்தான் உண்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் டெப்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஸ்டோன் கம்பெனியார் இம்முறையை அமைத்தபோது, பெல்ட் நழுவ வேண்டும் என்றே அமைத்தனர்! வண்டியின் வேகம் மிகுந்தால் டைனமோவும் வேகம் மிகுந்து விளக்குகளைக் கெடுத்துவிடும் அல்லவா? அதற்காக டைனமோவை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டனர். வேகம் ஓர் அளவைக் கடந்ததும் பெல்ட்டின் இழுப்பு டைனமோவையே அச்சை நோக்கி நகர்த்தும், பெல்ட் தளரும், நழுவும், டைனமோவின் வேகம் ஏறாது நிற்கும். அக்காலத்தில் நழுவல் ஒரு குணம். பின்னர் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனிக் கருவிகள் வந்தன, நழுவல் குற்றமாயிற்று.

நிற்க. நம் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிப்போவிலிருந்து நம் மேசைக்கு ஓர் இண்டெண்டு வந்தது. பெட்டி ஒன்றில் பெல்ட் ஒன்று அறுந்துவிட்டது. புதிய பெல்ட் நான்கு வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. சாதாரணப் பெட்டியின் 110 வோல்ட் பொறிக்கு நான்கு பெல்ட்டுகள் என்பது நாம் அறிந்ததே. அறுந்தது ஒன்றாயின் நான்கு எதற்கு? அரசாங்கப் பணத்தைக் காக்கும் ஆர்வம் மேலிட, “காரணம் தெரிவிக்கவும்” என்று சிவப்பு மையால் எழுதித் திருப்பினோம். அன்று மாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வீடு திரும்பினோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

வண்டி காத்திராது. கையில் இருந்த ஒரே புதிய பெல்ட்டை மாட்டிப் பெட்டியை அனுப்பினர். இரு வாரத்திற்குள் அதே எண்ணுள்ள பெட்டியைப் பற்றிய முறையீடு ஒன்று கோப்பில் வந்தது. நள்ளிரவில் விளக்குகள் மங்கி அணைந்தன, விசிறிகள் நின்றன, இருட்டில் கழிப்பறைக்குச் சென்ற ஒரு மூதாட்டி இடறி விழுந்து கை முறிந்தார். எழுதியவர் அவர் மகன். பெட்டி எண்ணைக் கண்டதும் நம் சிவப்பு மை நினைவுக்கு வந்தது.

மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு அந்த டிப்போவிற்குச் சென்றோம். மூத்த மிஸ்திரி நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “பாபு, இதைப் பாருங்கள்” என்று பழைய பெல்ட் ஒன்றையும் புதிய பெல்ட் ஒன்றையும் ஒரே ஆணியில் மாட்டினார். இரண்டின் மேலும் சி 122 என்ற ஒரே எண்; நீளம் 122 அங்குலம் என்பது அதன் பொருள். ஆயினும் பழையது கீழே இறங்கித் தொங்கிற்று. உழைத்த பெல்ட் நீண்டுவிடுகின்றது. மூன்று பழையதோடு ஒரு புதியதை மாட்டினால், குட்டையான புதியது ஒன்றே பாரம் முழுவதையும் சுமக்கும். மற்ற மூன்றும் தொளதொளவென்று நழுவிச் சூடேறும். சில நாளில் புதியதும் அறும். பாட்டரிக்கு வரவு நின்று செலவு மட்டும் நடக்கும்.

பின்னர் ஒரு கப்பியின் பள்ளத்தைக் காட்டினார். இவ்வகைப் பெல்ட் ஆப்பைப் போன்றது. பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களைப் பற்றியே இழுக்கும், அடியைத் தொடலாகாது. பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட்டோ பள்ளமோ தேய்ந்துவிட்டது என்று அறிக. அந்நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை; அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் கெடும்.

வீட்டுக் கிரைண்டருக்கும் இதே நியாயம். பெல்ட்டுள்ள பழைய கிரைண்டரில் மாவு பாதி அரைபடும்போது கல் நின்று, மோட்டார் மட்டும் சுற்றி, ரப்பர் தீயும் வாடை வருமாயின், உடனே இறுக்கத் தொடங்காதீர்கள். முதலில் மின்சார ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். மாவுத் தண்ணீரோ எண்ணெயோ வழிந்து பெல்ட்டை நனைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் நோய் அதுவே. குங்கிலியப் பொடி தூவுவோர் உண்டு. அது ஒரு நாள் வைத்தியம். பெல்ட் வெடித்தோ பளபளத்தோ இருப்பின் மாற்றுவதே வழி. மோட்டாரைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை உள்நோக்கி நகர்த்தினால் பழையது கையோடு வரும். திருப்புளியால் நெம்பி ஏற்றாதீர்கள்; உள்ளிருக்கும் நூல் அறுந்துவிடும். இரு கப்பிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். இறுக்கிய பின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்கலாம். புதிய பெல்ட் முதலில் சற்று நீளும். ஆகவே ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். இவ்வொன்றை மறப்பவரே மிகுதி.

சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை பழைய வகைப் பெட்டி செய்வதை 2018-இல் நிறுத்திவிட்டது. புதுவகைப் பெட்டிகளுக்கு அச்சுப் பெல்ட் இல்லை. என்ஜினிலிருந்தோ தனி மின்பெட்டியிலிருந்தோ மின்சாரம் வருகின்றது. பழையவை ஓடும்வரை இண்டெண்டுகளும் வரும். நான்கு கேட்டால் நான்கிற்கே இப்போது நாம் குறிப்பெழுதுகின்றோம். அந்த முறையீட்டின் நகல் ஒன்று மேசை அறையில் இருக்கின்றது.

கிரைண்டரைப் பற்றி ஐயமுடைய தாய்மார்கள் பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். அதன் மேல் ஏ 42 என்பது போல் ஓர் எண் இருக்கும். தேய்ந்து போயிருந்தாலும் படித்துச் சொல்கின்றோம்.