ஆம்புலன்ஸ் வரும்வரை

(ஜூபிலி ஆண்டையொட்டிப் பங்கு மண்டபத்தில் நடைபெற்ற முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கிவைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் தேர்ப்பவனி, வாணவேடிக்கை, விருந்து இவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவையும் நடக்கும், யாரும் கவலைப்பட வேண்டாம். ஆயினும் ஒரு முழுநாளை முதலுதவிப் பயிற்சிக்கென ஒதுக்கவேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

"பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கும்போது நமக்கு இது எதற்கு, சாமி?" என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1900-ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய அந்த மருத்துவமனை நம் வட்டாரத்துக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இதயம் திடீரென நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்குகிறது. 108 வண்டி எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்த முதல் நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கின்றன.

விழுந்தவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால் உடனே ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். இடையிடையே வாயைத் திறந்து திணறுவது போலிருந்தால் அதை மூச்சென்று எண்ணி ஏமாந்துவிடலாகாது. நெஞ்சின் நடுவே ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல் அழுத்தவேண்டும். இரண்டே நிமிடங்களில் கை சோர்ந்துவிடும். அப்போது அடுத்தவர் தொடரவேண்டும். ஆகவே வீட்டுக்கொருவர் கற்றால் போதாது.

இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவியையும் இன்று காண்பீர்கள். அதுவே பேசி வழிகாட்டும். தேவையில்லாதவருக்கு அதிர்வு தராது. ஆனால் நம் டேனரித் தரை எப்போதும் ஈரம். ஆளைத் தேங்கிய நீரிலிருந்து நகர்த்தி, நெஞ்சைத் துடைத்த பிறகே அதை ஒட்டவேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம் ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். தையல் வரிசையில் ஒரு சகோதரி மயங்கி விழுந்தால், நெஞ்சில் கை வைக்க ஆண்கள் கூசுவார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்குவார்கள். ஐடா அம்மையார் மருத்துவம் படிக்கப் போனதே இப்படியொரு கூச்சத்தால்தான். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் இறந்தார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தை வீட்டிலேயே இருந்தார். ஆனால் ஆண் தொடலாகாது என்று குடும்பத்தார் மறுத்துவிட்டனர். அந்தத் தயக்கம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. ஆகவேதான் மாதர் சங்கத்தார் அனைவரும் வரவேண்டுமென்று வற்புறுத்தினேன். பெண்கள் அருகில் இல்லையென்றால் ஆண்கள் தயங்காமல் அழுத்துங்கள்.

நெஞ்சை அழுத்த எவ்வளவு விரைகிறோமோ, கழிவுநீர்க் குழியில் இறங்க அவ்வளவுக்கு அஞ்சவேண்டும். தோலிலிருந்து மயிர் நீக்கும் சல்பைடு நீரோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மோப்பமே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவன் திரும்புவதில்லை. அவனைத் தூக்க அண்ணன் இறங்குகிறான், பிறகு மைத்துனன். பாசத்தால் இறங்குகிறார்கள், குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முகத்தில் கட்டும் ஈரத்துண்டு இந்த வாயுவைத் தடுக்காது. மூச்சுக்கருவியோடு தீயணைப்புப் படையினர்தாம் இறங்கவேண்டும், 101-ஐ அழையுங்கள். கத்தி ஆள் சேருங்கள். மற்றவரை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துங்கள்.

முதலுதவியால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டார்கள். அதற்குத் தேவைப்பட்டது உறுதியான சுவரும் ஒழுங்கான மேற்பார்வையும், கட்டுத்துணி அன்று.

மற்றவற்றைப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அமிலம் பட்டால் 20 நிமிடமாவது ஓடும் நீரில் கழுவவேண்டும். தீப்புண்ணில் காப்பித்தூள் கூடாது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதில் பயனில்லை. நெடுஞ்சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டுமே என்ற அச்சமும் வேண்டாம். 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவுவோருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளன. நல்ல சமாரியர் பெயரையே அச்சட்டம் தாங்கியிருக்கிறது என்பது கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது.

பாய் விரித்துப் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள். மாதர் சங்கத்தார் முதலில் வரட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வாருங்கள். அவர்களுக்கு அடுத்து நான் அழுத்திப் பார்க்கிறேன்.