பிருதிவிராஜ் கபூரின் நாடக மேடை

1960-ஆம் ஆண்டில் வெளியான ‘மொகலே ஆஜம்’ படம், மறு ஆண்டே ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழிலும் வந்தது. அதில் சக்கரவர்த்தியாகத் தோன்றிய பிருதிவிராஜ் கபூரின் உருவத்தைத் தமிழில் நாம் கண்டோம். கேட்டதோ வேறொருவர் குரல். அவருடைய சொந்தக் குரல் பெரும்பாலும் எங்கே செலவாயிற்று என்பதையே இங்குச் சொல்ல விழைகிறோம்.

1906-இல் பஞ்சாபில் பிறந்த அவர், சட்டப் படிப்பை விடுத்துப் பம்பாய்க்கு வந்து ஊமைப் படங்களில் நடித்தார். நாட்டின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’விலும் (1931) அவர் உண்டு. 1941-இல் ‘சிக்கந்தர்’ அவரைப் பெரும் புகழுக்கு உயர்த்தியது. இந்நிலையில் வேறொருவராயின் திரையோடு நின்றிருப்பார். அவரோ 1944-இல் பிருதிவி தியேட்டர்ஸ் என்னும் நாடகக் குழுவைத் தொடங்கி, திரையில் ஈட்டியதை அதில் கொட்டலானார்.

1945-இல் அரங்கேறிய ‘தீவார்’ என்றால் சுவர் என்று பொருள். ஒற்றுமையாய் வாழ்ந்த சகோதரர் இல்லத்தில் அன்னியர் புகுந்த பின் நடுவே சுவர் எழுகிறது, முடிவில் இடிபடுகிறது. ஈராண்டு கழித்து நாட்டில் எழுந்த சுவர் இடிபடவில்லை. அந்த 1947-இலேயே ‘பட்டான்’ நாடகத்தில், இந்து நண்பனின் மகனைக் காக்கத் தன் மகனையே ஒப்புவிக்கும் முஸ்லிம் தந்தையாக அவர் நடித்தார். அவ்வாண்டில் அக்கதையை மேடையேற்றுவதற்கு நடிப்புத் திறன் மட்டும் போதுமா?

நாடகம் முடிந்ததும் அவர் வாயிலுக்கு வந்து, துணியை ஏந்தித் தலை குனிந்து நிற்பார். துயருற்றோருக்காக அதில் காசு விழும். சிக்கந்தராகவும் அக்பராகவும் நிமிர்ந்து நின்ற உருவம் அது!

அவருடைய நடிப்பு சற்று உரத்தது என்பாரும் உளர். திரையைப் பொறுத்தவரை நாமும் அதை மறுக்கவில்லை. கடைசி வரிசையிலிருப்பவனுக்கும் கேட்க வேண்டுமென்று பழகிய தொண்டை அது.

ஊரூராகச் சென்று 2,600-க்கு மேற்பட்ட காட்சிகள் நடத்திய குழு 1960-இல் கலைந்தது. பணமும் உடல்நலமும் ஒருங்கே தளர்ந்திருந்தன. 1972-இல் அவர் மறைந்தார். பால்கே விருது அதன் பின்னரே வந்தது. 1978-இல் மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிபரும் பம்பாய் ஜுஹுவில் அவர் பெயரால் ஓர் அரங்கம் எழுப்பினர். ஏறத்தாழ 200 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கம்; அங்கு இன்றும் நாடகங்கள் நடைபெறுகின்றன.