முதல் எண்ணெயில் மின்னிய துகள்



கடலூரில் வாழும் ஒரு குடும்பத்தார் புதிய கார் வாங்கியிருக்கின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறான். ஆதலால் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிதம்பரத்திற்கு வாரந்தோறும் சென்று வருகின்றனர். எஞ்சின் ஆயிலை முதன்முறையாக மாற்றும் நாள் வருகிறது. அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றியதும் கறுத்த எண்ணெய் தட்டில் இறங்குகிறது. வெயில் படும் இடத்தில் அதனுள் வெள்ளித்தூள் போல் ஏதோ மின்னுகிறது. ஆண்டுக்கணக்கில் சேமித்த பணத்தில் வாங்கிய வண்டி பழுதுள்ளதோ என்று குடும்பத் தலைவர் திடுக்கிடுகிறார்.

அவர் முதலில் அறிய வேண்டியது அத்துகள் பிறந்த வகை. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி போல் வழுவழுப்பானதன்று. எண்ணெய் தங்கி நிற்கும்பொருட்டு, தொழிற்சாலையிலேயே அதில் குறுக்கும் மறுக்குமாக நுண்கோடுகள் இடப்படுகின்றன. அக்கோடுகளின் மேடுகள் பிஸ்டன் வளையங்களோடு உராய்ந்து, தொடக்க ஓட்டத்திலேயே பெரும்பாலும் தேய்ந்து படிகின்றன. அந்தத் தூள் எண்ணெயில் கலக்கிறது. ஆயில் ஃபில்டர் அதனைத் தடுத்து வைக்கிறது. ஆகவே, விரலில் உறுத்தாத மாவு போன்ற தூளைக் கண்டால் அஞ்ச வேண்டியதில்லை.

ஆயினும் எல்லாத் துகளும் ஒன்றல்ல. விரலிடையே உறுத்தும் துணுக்கும், செதில் போன்ற தகடும் எச்சரிக்கையாகும். காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. வளையம், பற்சக்கரம் முதலியவற்றிலிருந்து வந்திருக்கலாம். ஒட்டாத வெண்ணிறத் துகள் பிஸ்டனின் அலுமினியமாகவோ பேரிங்கின் மேற்பூச்சாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் தேய்ந்து உள்ளடுக்கு வெளிப்பட்டிருக்கக்கூடும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டலாகாது. எண்ணெயில் சிறிது தூய புட்டியில் எடுத்து வைத்து, ஓடிய தொலைவைக் குறித்து, விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர் முன்னிலையிலேயே ஃபில்டரைப் பிரித்துப் பார்க்கச் செய்தல் வேண்டும்.

வடிகட்டியில் தங்கியதை உற்றுநோக்குவது சமண இல்லங்களுக்குப் புதிதன்று. குடிநீரைத் துணியில் வடிகட்டி, அதில் தங்கிய நுண்ணுயிர்கள் மடியாதவாறு, அவற்றை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது முன்னோர் கைக்கொண்ட ஒழுக்கம். அவர்கள் தங்கியதைக் கண்டு வெட்கப்படவுமில்லை, காணாததுபோல் இருக்கவுமில்லை.

இன்றைய சோதனை இங்கேதான் எழுகிறது. துணுக்கைக் கண்டவர், ஒருவருக்கும் சொல்லாமல் புது எண்ணெய் ஊற்றி, வண்டியை வேறொருவருக்கு விற்றுவிடலாம். வாங்குபவருக்குத் தெரியாது. ஆனால் பொய்யாமை, கள்ளாமை என்னும் இரண்டு அணுவிரதங்களும் அக்கணமே சிதைகின்றன. நெடுஞ்சாலையில் பேரிங் இறுகி எஞ்சின் நின்றால், உள்ளே அமர்ந்திருக்கும் பிறர் வீட்டுக் குழந்தைக்கும் ஊறு நேரலாம். அப்போது கொல்லாமையும் உடன் சிதைகிறது. பணம் இழப்பதைக் காட்டிலும் இது பெரிய இழப்பு.

உள்ளதை உள்ளவாறு குறித்து வைத்தலின் பயனுக்குக் கடலூரே சான்று. திருப்பாதிரிப்புலியூர் முற்காலத்தில் பாடலி எனப் பெயர் பெற்ற சமணத் தலம் என்பர். அங்கே சர்வநந்தி முனிவர் இயற்றிய லோகவிபாகம் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல் நிறைவுற்றது. அது பல்லவன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் உண்டு. மூலநூல் கிடைக்கவில்லை, அதன் வழிவந்த வடமொழி நூலில் அக்குறிப்பு நிலைத்தது. பல்லவர் காலத்தைக் கணிப்போர் இன்றும் அதனையே துணைக்கொள்கின்றனர். ஒரு காரின் குறிப்பேடு அத்துணைப் பெருமை உடையதன்று. எனினும் நாள், ஓடிய தொலைவு, எண்ணெயின் நிறம், கண்ட துகள் ஆகியவற்றை உண்மையாக எழுதி வைத்தால், அடுத்த முறை துகள் குறைந்ததா, கூடியதா என்று அதுவே சொல்லும். குறைந்தால் நலம், கூடினால் நோய்.

கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் தகாது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அதனைத் தீங்கு பயக்கும் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. அது கெடிலத்திலும் பிச்சாவரத்து உப்பங்கழியிலும் கலந்தால் எண்ணற்ற நீர்வாழ் உயிர்கள் மடியும். உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே அறம்.

ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்று வினையின் வழியை முனிவர்கள் வகுத்தனர். எண்ணெயில் மின்னிய துகளும் ஓர் உதிர்ப்பே. உதிர்ந்தது கண்ணில் பட்டதால் இழிவு இல்லை. பட்டதை மறைப்பதிலேதான் இழிவு. பிரதிக்கிரமணத்தில் அமர்பவர் தம் உள்ளத்தையும் இவ்வாறே தட்டில் இறக்கி வெயிலில் பார்க்கிறார். எது இயல்பான தேய்மானம், எது முறிவின் அறிகுறி என்று பகுத்து, உரியவரிடம் ஒளிக்காமல் உரைப்பவருக்கே அடுத்த பயணம் இனிதாகும்.

வளர்க திருவறம்!