பேனா உயர்த்தப்பட்டவர்கள்



2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். அத்தகைய காப்பகங்களில் நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய சொந்தக் குடும்பத்தாரே. வீட்டில் சமாளிக்க இயலவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

மனநோய் வேறு, பிறவியிலோ சிறுவயதிலோ தோன்றும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு. ஆயினும் 'அடிக்கிறான், கடிக்கிறான், ஓடிவிடுகிறான்' எனக் கூறி, இக்குறைபாடு உடையவர்களையும் கட்டிவைக்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை.

தூங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, புத்தி சுவாதீனமற்றவர் தெளிவு பெறும்வரை, இம்மூவரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத்). அல்லாஹ்வே குற்றம் எழுதாத ஒருவரைத் தண்டிக்க நமக்கு ஏது உரிமை?

பெருமக்களே! நாவினால் சொல்ல இயலாதவர் உடலினால் சொல்கிறார். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளைக்குக் காதுவலியோ பல்வலியோ இருக்கலாம். மலச்சிக்கல், பசி, இரைச்சல், அன்றாட ஒழுங்கில் மாற்றம் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். செயலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்பதைச் சில நாட்கள் குறித்து வாருங்கள்; காரணம் புலப்படும். கேட்பதற்குச் சைகையோ படமோ கற்றுக்கொடுங்கள். அமைதியாக இருக்கும்போது பாராட்டுங்கள்.

மஸ்ஜிதுந் நபவியில் கிராமவாசி ஒருவர் சிறுநீர் கழித்தபோது ஸஹாபாக்கள் கொதித்தெழுந்தார்கள். நபி (ஸல்) அவர்களோ, அவரை இடைமறிக்க வேண்டாமெனத் தடுத்து, ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்னார்கள் (புகாரீ). அவ்வாறிருக்க, தொழுகையில் ஒரு பிள்ளை சத்தமிட்டதற்காக அதன் தந்தையை நாம் முறைத்துப் பார்க்கலாமா? அந்தப் பார்வைக்கு அஞ்சியே பல குடும்பங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கின்றன.

மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. குறைபாடுடைய பிள்ளைகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் அளிக்கும் மத்திய அரசு நிறுவனம், நம் உத்திரமேரூரிலிருந்து சென்று வரக்கூடிய முட்டுக்காட்டிலேயே உள்ளது. மாதாந்திர உதவித்தொகைக்குக் காஞ்சிபுரம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு ஜமாஅத்தார் துணை நிற்க வேண்டும்.

இரவெல்லாம் உறங்காத அந்தத் தாய்க்கு, மஹல்லாவில் ஒருவர் வாரம் ஒரு மணிநேரமேனும் ஓய்வு கொடுங்கள். அதுவும் இபாதத்தே.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தை நிரப்புவானாக! ஆமீன்.