யார் நிபுணர்? – சூழல் ஆலோசனைக் குழுக்களும் சேரியும்

(தீர்த்தமலையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



சுற்றுச்சூழலைப் பத்திப் பேசச் சொன்னாங்க. சூழல்னு சொன்னவுடனே மரம் நடுறது, நெகிழிப் பையை ஒழிக்கிறதுன்னு ஆரம்பிச்சிருவாங்க. அதையெல்லாம் பேச நிறைய பேர் இருக்காங்க. நான் இன்னிக்கு ஒரு பட்டியலைப் பத்திப் பேசப் போறேன். சூழல் ஆய்வு நிறுவனம், வாரியம், அமைச்சகக் குழு எதை எடுத்தாலும் அதன் அறிக்கையில முதல் பக்கங்கள்ல ஆலோசனைக் குழு உறுப்பினர் பட்டியல் இருக்கும். பெயர், பட்டம், வகித்த பதவி. நாம அந்தப் பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிருவோம். உள்ளே என்ன எழுதியிருக்குன்னுதான் பார்ப்போம். உள்ளே எதை எழுதுறது, எதை எழுதாம விடுறதுங்கிறதுல பாதி அந்த முதல் பக்கத்திலேயே முடிவாயிருது என்பதுதான் என் வாதம்.

இந்த மலைமேல ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம்னு சுனைகள் இருக்கு. அது புனித நீர். கீழே அனுமன்தீர்த்தம் வழியா ஓடுற தென்பெண்ணை, பெங்களூர்க் கழிவைச் சுமந்துக்கிட்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில நுரை நுரையாப் பொங்கிட்டு வருது. அது மாசுபட்ட நீர். நீரைப் புனிதம், தீட்டுன்னு பிரிச்சு வச்ச நாட்டுல 'மாசு' என்ற சொல்லை மட்டும் சாதியில்லாத அறிவியல் சொல்லுன்னு எடுத்துக்க என்னால முடியல. எந்த நீர் கெட்டதுன்னு யார் சொன்னா செல்லும்? கேள்வி அங்கேதான் ஆரம்பிக்குது.

சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல யார் யார் இருக்கணும்னு அதன் 4-ஆம் பிரிவு சொல்லுது. தலைவருக்குச் சூழல் பாதுகாப்பு விஷயத்துல சிறப்பு அறிவோ நடைமுறை அனுபவமோ வேணும். அரசு அதிகாரிகள் 5 பேருக்கு மிகாமல். உள்ளாட்சி அமைப்புகள்லேருந்து 5 பேருக்கு மிகாமல். அரசுக் கம்பெனிகள் சார்பா 2 பேர். அப்புறம் வேளாண்மை, மீன்வளம், தொழில், வணிகம் ஆகியவற்றின் நலன்களுக்காக அதிகாரியல்லாதவர்கள் 3 பேருக்கு மிகாமல்.

வேளாண்மைன்னா யார் போவாங்க? நிலம் வச்சிருக்கவரா, நடவு நட்டவரா? தொழில்னா முதலாளியா, தொட்டியில இறங்குறவரா? சாக்கடைக்குள்ள இறங்கி உயிரை விடுறவங்க இந்தச் சட்டத்தோட கண்ணுல ஒரு 'நலன்' இல்லை. நீர் மாசைப் பத்தின சட்டத்துல, அந்த மாசுக்குள்ளேயே நிக்கிறவனுக்குப் பேர் இல்லை. ஆனா அதே உட்பிரிவுல ஒரு வாசல் திறந்து கிடக்கு. மாநில அரசு கருதுகிற 'வேறு எந்த நலனும்' என்று ஒரு வார்த்தை. அதைக் குறிச்சு வச்சுக்குங்க, பின்னால வேணும்.

'நடைமுறை அனுபவம்' என்பதையும் கவனிக்கணும். அந்த வார்த்தை நல்ல வார்த்தைதான். ஆனா அதைக் காலப்போக்குல எப்படிச் சுருக்கினாங்கன்னு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில பார்க்கலாம். சுரங்கம், அணை, குவாரி, ஆலை எல்லாத்தையும் ஆய்வு செஞ்சு பரிந்துரைக்கிற குழுக்களை அமைச்ச அறிவிக்கை அது. அதன் 6-ஆம் இணைப்பு நிபுணர் யார்னு வரையறுத்தது. பல்கலைக்கழகப் பட்டம், அதோட 15 ஆண்டு அனுபவம். முனைவர் பட்டம் இருந்தா 10 ஆண்டு போதும். பட்டத்துக்கு அப்புறம் ரெண்டு வருசம் ஐ.ஏ.எஸ்., ஐ.எஃப்.எஸ். அகாதமியில பயிற்சி பெற்றிருந்தாலும் தகுதிதான். பட்டயக் கணக்காயர்கிட்ட தொழில் பழகித் தேர்வு எழுதினவரும் உண்டு. ஆக, தொழில் பழகுறதையே அறிவா ஏத்துக்க முடியாதுன்னு இல்லை. கணக்குப் புத்தகத்துல பழகினா ஏத்துக்குவாங்க. தோல் தொட்டியில 30 வருசம் பழகினவரை ஏத்துக்க மாட்டாங்க. எந்த ரசாயனம் கலந்தா கையில தோல் உரியும், எந்தக் கழிவு எந்த நேரத்துல ஆத்துக்குத் திறந்து விடப்படும்னு பாலாத்தங்கரைத் தொழிலாளிக்குத் தெரிஞ்சது ஆய்வுக்கூடத்துக்குப் பல வருசம் கழிச்சுத்தான் தெரியும். உழைப்பையும் அறிவையும் பிரிச்சு, அறிவை ஒரு பக்கம் குவிக்கிறதுக்கு நம்ம நாட்டுல பழைய பேர் ஒன்னு இருக்கு. நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பட்டம் வாங்கினவங்க நடுநிலையா இருந்தாங்களா? அதே அறிவிக்கையின்படி அமைந்த சுரங்கக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற மூத்த அதிகாரி, நான்கு சுரங்கக் கம்பெனிகள்ல இயக்குநரா இருந்தார். கோவா சுரங்க வழக்கொன்றுல, 2009 நவம்பர்ல, டெல்லி உயர் நீதிமன்றத்துல ஏ.பி. ஷா, எஸ். முரளிதர் அமர்வு, சுரங்கத் தொழில்ல நேரடி அக்கறை உள்ளவரை இப்படிப்பட்ட குழுவுக்குத் தலைவரா வைக்கிறது ஆரோக்கியமானதல்லன்னு கண்டிச்சது. 2014-ல தேசிய வனவிலங்கு வாரியத்தைத் திருத்தி அமைச்சப்போ, சட்டப்படி 5 தன்னார்வ அமைப்புகள், 10 சூழல் அறிஞர்கள் இருக்க வேண்டிய இடத்துல, ஒரே ஒரு அமைப்பையும் ரெண்டு அறிஞர்களையும் போட்டாங்க. அந்த ஒரு அமைப்பும் குஜராத் அரசு உருவாக்கினது. உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாச்சு. இதெல்லாம் பத்திரிகையில வந்தது, மேல்தட்டுச் சூழல்வாதிகளும் கண்டிச்சாங்க. ஆனா அவங்க கண்டனம் 'நிபுணரைப் போடு' என்பதோட நின்னுருது. 2017 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு ஆள் போடுறதுக்கு ஆறு மாதத்துக்குள்ள மாநிலங்கள் விதி வகுக்கணும்னு சொன்னது. கட்சிக்காரனுக்குப் பரிசா நாற்காலி கொடுக்கிறதைத் தடுத்தா நல்லதுதான். நான் கேட்கிறது அதுக்கு அடுத்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம் கெட்ட குழுவுல கிடைக்காது. நேர்மையான குழுவுலதான் கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலைக் குழுவை எடுத்துக்குவோம். 2010-ல ஒன்றிய அமைச்சகம் மாதவ் காட்கில் தலைமையில நிபுணர் குழு அமைச்சது. காட்கில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல சூழலியல் மையத்தை உருவாக்கினவர். குழுவுல யானை ஆய்வாளர் இருந்தார், பறவை ஆய்வாளர் இருந்தார், நீலகிரி வழக்கறிஞர் இருந்தார், பொருளியல் அறிஞர், விண்வெளித் துறைக்காரர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் எல்லாரும் இருந்தாங்க. 2011-ல அறிக்கை. மலைத்தொடர் முழுவதையும் மூன்று அடுக்கு உணர்திறன் மண்டலமாப் பிரிச்சு, முடிவெடுக்கிறதை கிராம சபைக்குக் கொண்டுபோகச் சொன்னாங்க. காட்கிலோட ஜனநாயக உணர்வை நான் மதிக்கிறேன். அரசுக்கு அது கசந்தது. 2012-ல கஸ்தூரிரங்கன் தலைமையில இன்னொரு குழு. அவர் இஸ்ரோவின் முன்னாள் தலைவர், விண்வெளி அறிவியலாளர். 2013-ல வந்த அறிக்கை, செயற்கைக்கோள் படத்தை வச்சு 'இயற்கை நிலப்பரப்பு', 'பண்பாட்டு நிலப்பரப்பு'ன்னு பிரிச்சது. மக்கள் குடியிருக்கிற, தோட்டம் போட்டிருக்கிற இடம் பண்பாட்டு நிலப்பரப்பு. அதை விட்டுட்டு, சுமார் 37 விழுக்காட்டை, ஏறக்குறைய 60,000 சதுர கிலோமீட்டரை, பாதுகாக்கணும்னு சொன்னது.

பாருங்க, தலைவரோட தொழில் மாறினதும் மலை பார்க்கப்படுற உயரமே மாறிருச்சு. ஒருத்தர் தரையில நடந்து பார்த்தவர், இன்னொருத்தர் வானத்துலேருந்து பார்த்தவர். ரெண்டு பட்டியல்லயும் 'தேயிலைத் தோட்டத் தொழிலாளி' என்ற தொழில் மட்டும் கிடையாது. வால்பாறையிலும் நீலகிரியிலும் மூணாறிலும் நூறு வருசத்துக்கு மேல அந்த மலையைக் கையால தடவி வாழ்ந்தவங்க தென்மாவட்டத்துச் சேரிகள்லேருந்து கங்காணி கூட்டிட்டுப் போன ஜனங்க. மழையில எந்தச் சரிவு இளகும், எந்த ஓடை திசை மாறும், லயன் வீட்டை எங்க கட்டக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா வீடு எங்கேன்னு முடிவு பண்றது கம்பெனி. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி மூணாறு பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயன்கள் மேல விழுந்தது. 70 பேர் போயிட்டாங்க. பெரும்பாலானவங்க தமிழ்த் தலித் தொழிலாளர் குடும்பங்கள். செயற்கைக்கோள் படத்துல அது தோட்டம், அதனால பண்பாட்டு நிலப்பரப்பு. யாரோட பண்பாடு?

லயத்துல பிறந்து வளர்ந்த ஒரு பெண் அந்தக் குழுவுல இருந்திருந்தா பெட்டிமுடி நடந்திருக்காதுன்னு நான் சொல்லல. அப்படிச் சொல்றது பொய். ஆனா லயன் வீடு எந்தச் சரிவுல நிக்குதுங்கிற கேள்வியை மேசை மேல வச்சிருப்பா. யானையோட வழித்தடத்தை அறிஞ்சவர் இருந்ததால யானைக்கு வழித்தடம் கேட்கப்பட்டது. நல்லதுதான், யானைக்கும் வழி வேணும்.

இது நமக்குப் புது வாதம் இல்லை. 1919-ல சௌத்பரோ குழு முன்னால அம்பேத்கர் சாட்சியம் சொன்னார். அப்ப அவர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர். கருத்துகளுக்குப் பிரதிநிதித்துவம் இருந்தாப் போதாது, ஆட்களுக்கும் பிரதிநிதித்துவம் வேணும்னு வாதாடினார். நம்ம சார்பா நல்லவங்க பேசுவாங்க என்பதை அவர் ஏத்துக்கல. தமிழ்நாட்டுல ரெட்டமலை சீனிவாசன். நீலகிரியில கணக்கர் வேலை, 'பறையன்' பத்திரிகை, தென்னாப்பிரிக்காவுல நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை, இதுதான் அவர் பின்னணி. 1923-ல சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1924-ல அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன? பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம் எல்லாருக்கும் திறந்திருக்கணும். அதுக்கு முன்னாலயும் சட்டமன்றத்துல நீர் பத்திப் பேசாம இல்லை. பாசனம் பேசினாங்க, வரி பேசினாங்க. யார் மொண்டு குடிக்கலாம்னு கேட்க, கிணத்துலேருந்து விரட்டப்பட்ட சமூகத்துலேருந்து ஒருத்தர் உள்ளே போக வேண்டியிருந்தது.

2022 டிசம்பர்ல வேங்கைவயல் சேரியோட குடிநீர்த் தொட்டியில மலம் கலந்தாங்க. தண்ணியைச் சோதிக்கிற எந்தக் கருவியும் அதைச் சாதிக் குற்றம்னு காட்டாது. அதைச் சொல்றதுக்கு ஆள் வேணும்.

இப்ப நம்ம பக்கத்துக்கு வருவோம். காடு பத்தின குழுக்கள்ல 'வனவியல் நிபுணர்'னா பெரும்பாலும் ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரிதான். அரூர்ப் பக்கத்துல அந்தச் சீருடைக்கு இன்னொரு வரலாறு இருக்கு. 1992 ஜூன் 20 வாச்சாத்தி. சந்தன மரம் தேடுறோம்னு மலைவாழ் மக்களோட ஊருக்குள்ள புகுந்து செஞ்ச அட்டூழியத்துக்கு, 2011-ல தருமபுரி நீதிமன்றம் உயிரோட இருந்த 215 பேரையும் குற்றவாளிகள்னு தீர்ப்பு சொன்னது. அதுல 126 பேர் வனத்துறை, 84 பேர் காவல்துறை, 5 பேர் வருவாய்த்துறை. 2023-ல சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. ஒவ்வொரு வன அதிகாரியும் அப்படின்னு நான் சொல்லல. சித்தேரி அடிவாரத்துல காட்டைப் பத்தி அதிகம் தெரிஞ்சவங்க யார்னு கேட்டா, பதில் பதவிப் பெயர்ல இருக்காதுன்னு சொல்றேன்.

2006 வன உரிமைச் சட்டம் வேற மாதிரி ஒரு வழியைக் காட்டியிருக்கு. கிராம சபை தேர்ந்தெடுக்கிற வன உரிமைக் குழுவுல 10 முதல் 15 பேர். 2012 திருத்தப்படி மூணுல ரெண்டு பங்கு பழங்குடியினர், மூணுல ஒரு பங்குக்குக் குறையாம பெண்கள். பட்டம் கேட்கல. அங்க வாழ்ந்தது தகுதி. (அதே சட்டம் காட்டை நம்பி வாழ்ற தலித்துகள் உட்பட, பழங்குடியினர் அல்லாத எல்லார்கிட்டயும் 75 வருச வசிப்புக்குச் சான்று கேட்குது. அது தனிச் சண்டை, இன்னொரு நாள் பேசுவோம்.) மாநில வனவிலங்கு வாரியத்துலயும் குறைஞ்சது ரெண்டு பழங்குடிப் பிரதிநிதிகள் இருக்கணும்னு சட்டம் இருக்கு. ஆக, வாழ்வனுபவத்தைத் தகுதியா எழுத முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. எழுதியிருக்காங்க.

ஒரு மாணவி முன்னாடியே கேட்டாங்க: "அண்ணே, உள்ளே போறவங்களும் தலையாட்டிப் பொம்மையா ஆயிட்டா?" ஆகலாம். தலித் ஊராட்சித் தலைவர்களைத் தரையில உட்கார வச்ச நாடு இது. அதனாலதான் ஒரு நாற்காலி கேட்கக் கூடாது. ஒருத்தர் போனா அவர் சாட்சி. மூணு பேர் போனாத்தான் வாதம். அவங்க போற அன்னிக்குக் கூட்டக் குறிப்பு வெளியே வரணும், நாம படிக்கணும். நம்ம பிள்ளைங்க வேதியியலும் மண்ணியலும் படிச்சு முனைவர் ஆகவும் வேணும். இந்த மாவட்டத்துல ஃப்ளோரைடு தண்ணி குடிச்சுப் பல்லு கறுத்த குடும்பத்துல பிறந்தவர், அதே ஃப்ளோரைடை ஆய்வு செஞ்சா எந்தக் குக்கிராமத்துக் கைப்பம்புல முதல்ல மாதிரி எடுப்பார்னு யோசிச்சுப் பாருங்க.

செய்ய வேண்டியது: தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(b)-யில எட்டாவது இனம். ஆலோசனைக்காக அமைச்ச வாரியம், மன்றம், குழு எல்லாத்தையும், கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்ததா, குறிப்புகள் கிடைக்குமா என்பதையும் ஒவ்வொரு அரசு அலுவலகமும் தானாகவே வெளியிடணும். வெளியிடாத இடத்துக்கு மனு போடுவோம். முதல்ல மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அப்புறம் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு, அப்புறம் மாநில வனவிலங்கு வாரியம். கேள்வி மூணே மூணு. உறுப்பினர்களின் தற்போதைய, முந்தைய தொழில் என்ன? எந்தக் கம்பெனியிலாவது பொறுப்பு வகிக்கிறாங்களா? நீர்ச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுல 'வேறு எந்த நலன்' என்பதன் கீழ் 1974 முதல் யாரையாவது நியமிச்சிருக்காங்களா, எந்த நலனுக்காக? மூணாவது கேள்விக்கு வர்ற பதிலை வச்சுத்தான் துப்புரவுத் தொழிலாளி, தோல் தொழிலாளி, தோட்டத் தொழிலாளி மூணு பேருக்கும் இடம் கேட்டு அரசுக்கு எழுதப் போறோம். மாதிரி மனு வாசல்ல மேசை மேல இருக்கு. பத்து ரூபா நீதிமன்ற வில்லை ஒட்டணும். ஆளுக்கு ஒன்னு எடுத்துக்குங்க, அரூர்த் தோழர்கள் கூடுதலா எடுத்துட்டுப் போங்க.